அஞ்சலை, பக்கம் 112

அன்று நான் சொல்லாமல் விட்டது இது: "ஆமாம் சார், எங்கள் ஆட்கள் உங்கள் தோட்டத்தில் இருந்தார்கள். ஒருவர் ஓடிவிட்டார். அவர் மனைவியை உங்கள் தாத்தா அடைத்து வைத்தார். அவள் அங்கேயே செத்துப்போனாள்." நான்கே வாக்கியங்கள். மனதுக்குள் பலமுறை அடித்துத் திருத்திச் சுருக்கி வைத்திருந்தேன். அந்தப் பெரியவர் தன் பங்களா வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உங்க ஆளுங்க யாராச்சும் எங்க எஸ்டேட்ல இருந்தாங்களா, மேல, குடகுல?" என்று கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது இரண்டே சொல். "தெரியல சார்." நீ என் பக்கத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாய். உனக்குப் பதினெட்டு வயது. அவருடைய தாத்தா பெயரில் ஓடும் டிரஸ்ட், வருடத்துக்கு ஒரு பிள்ளையை அந்தத் தாத்தா பிறந்த ஸ்காட்லாந்து ஊரின் கல்லூரிக்குத் தன் செலவில் அனுப்பும். அந்த வருடத்துப் பிள்ளை நீ. தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் எழுந்து வந்து உன் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல கை," என்றார். "வேலை செய்யற கை."

திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ என்னோடு சண்டை போட்டாய். "ஏம்மா, வாய்ல என்ன கொழுக்கட்டையா? தாத்தாவோட தாத்தா எஸ்டேட்ல இருந்தாரு, அப்புறம் கே.ஜி.எஃப். வந்தாருன்னு சொல்றதுக்கு என்ன? அவருக்குப் பெருமையா இருந்திருக்கும்ல?" என்றாய். "அவருக்குப் பெருமையா இருக்கும்னுதான் சொல்லல," என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டு தொம்மலூர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். நான்கு வருடம் ஆயிற்று. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். வருடா வருடம் போடுவதுபோலக் கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் நம் வழக்கப்படி பூவாடைக்காரிக்குப் படையல் போடுவோம். தாலியோடு செத்த நம் வீட்டுப் பெண்ணுக்குப் புதுப் புடவை, பூ, கண்ணாடி வளையல் வைத்து, வந்து வாழ்த்து என்று கூப்பிடுவோம். அவளைக் கூப்பிடும் முன் அவள் யார் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். என் சங்கதிகளை அடுத்த வீட்டுக்குக்கூடச் சொல்லாதவள் நான். இதை மட்டும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன், காரணம் கடைசியில் தெரியும்.

என் வேலையைப் பற்றி உனக்கு எப்போதும் சிரிப்புதான். "எல்லாரும் புக்கை முன்னாலேர்ந்து படிப்பாங்க, எங்கம்மா பின்னாலேர்ந்து படிக்கும்" என்று உன் சிநேகிதர்களிடம் சொல்வாய். உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினேழு. உன் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு, இதோ வருகிறேன் என்று போய் வராமலே இருந்தபோது இருபத்தொன்று. தபாலில் படித்து, தொம்மலூரில் வெளிநாட்டுப் புத்தகங்களை அச்சுக்குப் பக்கமாக்கித் தரும் ஒரு கம்பெனியில் பிழை பார்க்கச் சேர்ந்தேன். சில வருடத்தில் இண்டெக்ஸ் போடும் வேலைக்கு மாற்றினார்கள். புத்தகத்தின் கடைசியில் எந்தப் பெயர், எந்த விஷயம், எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசையில் இருக்குமே, அது. அதைப் போடுகிறவள் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தாக வேண்டும். மீன்களின் நோய், ரோமாபுரிச் சாலைகள், யாரோ ஒரு பாதிரியாரின் பல்வலி என்று நான் படிக்காதது இல்லை. அப்படித்தான் ஒரு நாள் அந்தப் பெரியவரின் தாத்தாவான இந்தத் துரையின் வாழ்க்கை என் மேசைக்கு வந்தது. பேரன் காசு கொடுத்து, லண்டனில் இருக்கும் ஓர் எழுத்தாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதவைத்த புத்தகம். அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறவளின் மகன் என்பதால்தான் உன் விண்ணப்பமே அவர் கண்ணில் பட்டது. அந்த நன்றி எனக்கு அப்போது இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

துரை பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்து, யாரோ ஒருவர் தோட்டத்தில் சின்ன துரையாகச் சேர்ந்தவர். பிறகு தானே காடு வாங்கி, வெட்டி, எரித்து, காப்பி போட்டார். தண்டு துளைக்கும் புழு ஒருமுறை மொத்தத்தையும் தின்றது. பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி போட்டார். மனிதருக்குப் பிடிவாதம் இருந்தது. வட ஆற்காட்டிலிருந்து மேஸ்திரிகள் ஓட்டிக்கொண்டு வந்த நம் ஜனம்தான் அவருக்குக் கை. அவர்கள் அவருக்கு வைத்த பெயர் கடியாரத் துரை. தோட்டத்துக் கடிகாரத்தை ஊர்க் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருந்தார். காலையில் மணி அவர் கடிகாரப்படி அடிக்கும். சாயங்காலம் வேலை முடிவது மட்டும் சூரியன்படி. எழுத்தாளருக்கு இது வேடிக்கையாகவும் சாமர்த்தியமாகவும் தெரிந்திருக்கிறது, இரண்டு இடத்தில் ரசித்து எழுதியிருக்கிறார். நீ ஷிப்டுக்குப் போகிறவன். போகும் இடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காதே, உன் கையில் கட்டியிருப்பதைப் பார். இந்தக் கடிதத்தில் நான் சொல்லும் முதல் புத்திமதி அது.

அந்தக் காலத்தில் குடகுக்கென்று வெள்ளைக்காரர்கள் ஒரு சின்ன சட்டசபை வைத்திருந்தார்கள். தோட்டக்கார வெள்ளையருக்கு அதில் நாற்காலி உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் துரை அதில் போய் உட்கார்ந்தார். புத்தகத்தின் மூன்றாவது பாகம் முழுக்க அதுதான். சாலை கேட்டார், பாலம் கேட்டார், வரியைக் குறைக்கச் சொன்னார். வேலையை விட்டுப் போகிற கூலிக்குச் சிறை என்ற பழைய சட்டத்தைக் கீழே சமவெளியில் எடுத்துவிட்டார்கள், மலையில் அது இருக்கட்டும் என்று எழுந்து பேசினார். இருந்தது. சட்டசபைக்குப் போவதற்குப் பல வருடம் முன்பே தன் தோட்டத்தில் அவர் நடத்திக்கொண்டிருந்ததைத்தான் சட்டசபையில் பேசினார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்திருந்தேன்.

அந்தப் பக்கத்தில் துரையின் நாட்குறிப்பிலிருந்து ஒரு மழைக்காலத்தை எடுத்துப் போட்டிருக்கிறார் எழுத்தாளர். எத்தனை அங்குலம் மழை, எந்தச் சரிவில் மண் சரிந்தது என்று போய்க்கொண்டே இருக்கும்போது, வலது கையில் ஆறு விரல் உள்ள காளத்தி ஓடிவிட்டான் என்று ஒரு வரி. அவன் பெண்டாட்டி அஞ்சலையைக் காப்பிக் கொட்டை வைக்கும் கிடங்கில் பூட்டியிருக்கிறேன், வருவான் என்று அடுத்த வரி. பிறகு நாய்க்குக் காய்ச்சல், நாய்க்குக் கஞ்சி, நாயை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்கவில்லை என்று அரைப் பக்கம். அடுத்த பக்கத்தில், பதினோராம் நாள், அஞ்சலை இறந்தாள், காளத்தி வரவில்லை, மழை விட்டது. அவ்வளவுதான். உன் வலது கையைத் திருப்பிப் பார். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் மிளகு அளவு ஒரு தழும்பு இருக்கும். நீ பிறந்த மூன்றாம் நாள் அங்கே இருந்த ஆறாவது விரலை நூலால் கட்டி விழவைத்தார்கள். எனக்கும் அப்படித்தான். உன் தாத்தா கையில் அது இன்னும் இருக்கிறது. அந்தப் பெரியவர் நல்ல கை என்று குலுக்கியது அந்தக் கையைத்தான்.

நம் வீட்டுக் கதை உனக்குத் தெரியும். காளத்தி பெண்டாட்டியோடு மழையில் மலையிறங்கினார், வழியில் காய்ச்சல் கண்டு அஞ்சலை செத்தாள், சாலையோரம் புதைத்துவிட்டு அழுதுகொண்டே கே.ஜி.எஃப். தங்கவயலுக்கு வந்து, பெயரை மாற்றிக்கொண்டு சுரங்கத்தில் இறங்கினார், பிறகு இன்னொருத்தியைக் கட்டினார், அவள் வழியில் நாம். புரூஃபைப் படித்த அன்று மத்தியானமே மாடிப்படியில் நின்றுகொண்டு கே.ஜி.எஃப்.புக்குப் போன் போட்டேன். உன் தாத்தா அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்.

"அப்பா, அஞ்சலை வழியில சாகல."

"என்னாத்துக்கு இப்ப அந்தப் பேச்சு?"

"எஸ்டேட்லயே செத்திருக்கா. அவளை வுட்டுட்டு வந்திருக்காரு உங்க தாத்தா."

"தெரியும்," என்றார். "எங்கப்பன் சாவக்குள்ள சொன்னாரு. அவ வழியில செத்திருந்தா ஒரு கற்பூரத்தோட போயிருக்கும். நாம என்னாத்துக்கு வருசா வருசம் பொடவ வெக்கறோம்? வுட்டுட்டு வந்தவளுக்கு வெக்கறது அது. பயம்."

"யாருகிட்டயும் சொல்லலியே."

"சொல்லிட்டு எந்த மூஞ்ச வெச்சுகினு அவளைக் கூப்புடறது?"

இதைக் கேட்ட பிறகு எனக்குத் துரைமேல் இருந்த கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அதைப் பங்கு போட்டுக்கொள்ளக் காளத்தியும் கிடைத்தார், அவ்வளவுதான். அந்த வாரமே பெரியவரிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. இண்டெக்ஸில் எந்தப் பெயர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று. கவர்னர்கள், சட்டசபை உறுப்பினர்கள், கிளப்பின் தலைவர்கள், துரையின் இரண்டு குதிரைகள், ஐந்து நாய்கள். நாய் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி, பக்கத்தில் ரகமும் எழுதியிருந்தார். புத்தகம் முழுக்கத் தேடினால் நம் ஆட்களின் பெயர் முப்பத்தேழு வருகிறது. பட்டியலில் ஒன்றுகூட இல்லை. அந்தத் தாளை நான் மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். எங்கள் மேனேஜர், நல்ல மனுஷர், அன்று வந்து, "மேடம், கடைசி ஃபாரம்ல பன்னிரண்டு பக்கம் காலியா இருக்கு. இண்டெக்ஸைக் கொஞ்சம் தாராளமா போடுங்க, பேஜ் வேஸ்ட் ஆகக்கூடாது" என்றார். புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாக அச்சாகும், மிஞ்சினால் வெற்றுத்தாள். "தாராளமா போடறேன் சார்" என்றேன்.

போட்டேன். ஆங்கில அகரவரிசையிலும் அஞ்சலையின் பெயர் முதல் பக்கத்திலேயே வருகிறது, கவர்னர்களுக்கெல்லாம் முன்னால். அஞ்சலை: கிடங்கில் பூட்டப்பட்டது, 112, பதினோராம் நாள் இறந்தது, 113. துரையின் பெயருக்குக் கீழே ஒன்றரைப் பக்கம். கடிகாரத்தை முன்னால் வைத்தது, 41, 77. ஓடியவர்களின் பெண்டாட்டிகளை அடைத்தது, 112, 130, 158. ஓடுகிறவர்களுக்குச் சிறை வேண்டுமென்று சட்டசபையில் பேசியது, 171. இரக்கம் என்று ஒரு தலைப்பு கொடுத்து, 'காண்க: நாய்கள்' என்று போட்டேன். அதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன், சந்தோஷத்தில். முப்பத்தேழு பேரையும் சேர்த்தேன். காளத்தியையும் விடவில்லை. காளத்தி: ஓடியது, 112, திரும்பி வராதது, 113. ஒரு சொல்கூட நானாகச் சேர்க்கவில்லை. எல்லாம் அவர்கள் காசு கொடுத்து எழுதவைத்த பக்கங்களில் இருந்ததுதான். நான் வரிசைப்படுத்தினேன், அவ்வளவே. பழி வாங்குவதற்குக் கத்தி வேண்டும், குரல் வேண்டும் என்று படித்த புத்தகங்களெல்லாம் சொல்கின்றன. எனக்கு அகரவரிசை போதுமாயிருந்தது.

நீயும் நானும் பங்களாவுக்குப் போன அன்று அந்த இண்டெக்ஸின் புரூஃப்தான் பெரியவரின் மடியில் கிடந்தது. நீ கவனித்திருக்க மாட்டாய். அவருடைய தமிழ் வேலைக்காரர்களிடம் கற்ற தமிழ். வா, குந்து, எடு, வை, போ என்று ஏவுகிற சொற்கள்தான் அதில் அதிகம். "எங்க நாய்ங்கல்லாம் வந்துடுச்சா?" என்று கேட்டார். "வந்துடுச்சு சார், அஞ்சும் இருக்கு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் புரட்டினார். முதல் பக்கம் போயிற்று. நேராகத் தன் பெயருக்குப் போனார். "நான் நாலு தடவ வர்றேன்," என்று உன்னைப் பார்த்துச் சிரித்தார். "போதும், கிழவனுக்கு." அத்தோடு மூடி, மேலே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். இத்தனை வருட வேலையில் நான் கற்றது இதுதான். மனிதர்கள் இண்டெக்ஸில் தங்கள் பெயரை மட்டும்தான் தேடுவார்கள். அந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான் நான் எல்லாவற்றையும் எழுதினேன்.

இனி நான் செய்த தப்பு. புத்தகம் டிசம்பரில் வெளிவரும் என்று சொல்லியிருந்தார்கள். நீ செப்டம்பரில் விமானம் ஏறியிருப்பாய். உன்னை அனுப்பும் காசையும் வாங்கிக்கொண்டு, அவர்கள் தாத்தாவையும் சந்தியில் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். யாரும் படிக்காமல் போனால் போகட்டும் என்று நான் எழுதவில்லை, படிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். யார் கண்ணிலும் படாத பழி என்ன பழி? ஆனால் பெரியவரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு வெளியிடலாம் என்று தேதியை ஜூலைக்குக் கொண்டுவந்தார்கள். அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தது. ஒரு மத்தியானம் முழுக்க அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்தேழு பெயரையும் அழிக்கப் பத்து நிமிடம் போதும். வீட்டில் நீ பெட்டி வாங்கி வைத்திருந்தாய். குளிருக்குப் போட்டுக்கொள்ள வாங்கிய கனத்த கோட்டை வெயிலில் போட்டுப் பார்த்து, "எப்படிம்மா இருக்கேன், துரை மாதிரி?" என்று கேட்டிருந்தாய். அந்தச் சொல்லும் என்னை உறுத்தியது, உண்மை. நான் அழிக்கவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, உன்னைக் கேட்கவில்லை. அது உன் வாழ்க்கை. துரை அஞ்சலையைக் கேட்காமல் அவளைப் பணயம் வைத்தார். காளத்தி அவளைக் கேட்காமல் விட்டுவிட்டுப் போனார். நான் உன்னைக் கேட்காமல் உன் பிரயாணத்தைப் பணயம் வைத்தேன். கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று இந்த நான்கு வருடமாக யோசிக்கிறேன். "போடும்மா, பாத்துக்கலாம்" என்றுகூடச் சொல்லியிருப்பாய். அதுதான் தாங்க முடியவில்லை.

உன்னை அனுப்புவதற்கில்லை என்று டிரஸ்டிடமிருந்து அந்த இரண்டு வரிக் கடிதம் வந்தபோது நீ அதை மூன்று முறை படித்துவிட்டு, "அன்னிக்கு நான் சரியா பேசலம்மா. இங்கிலீஷ்ல தடுமாறிட்டேன், அதான்" என்றாய். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் யாராவது ஆங்கிலத்தில் பேசினால் நீ தோளைக் குறுக்கிக்கொள்வதைப் பார்க்கிறேன். நீ நன்றாகத்தான் பேசினாய். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இதுதான். உன்னைத் தேர்வில் தவறியவன் என்று நினைக்கிற அத்தனை பேருக்கும் இது போய்ச் சேர வேண்டும். துரையிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, பேரனிடமும் இல்லை. வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் நாலு பக்கம் சேர்த்துப் போடுவேன். உன்னிடம் கேட்கிறேன்.

கல்யாணம் செய்துகொள்கிறவனுக்கு அம்மா சொல்ல வேண்டிய புத்திமதிகள் நிறைய இருக்கும். எனக்குத் தெரிந்தது இன்னும் ஒன்றுதான். ஓட வேண்டிய நாள் வரலாம். எந்தத் துரையிடமிருந்தோ, எந்தக் கஷ்டத்திலிருந்தோ. ஓடு, தப்பே இல்லை. அவளையும் கூட்டிக்கொண்டு ஓடு. கூட்டிக்கொண்டு போக முடியாது என்றால் நின்று அடி வாங்கு. சட்டையை மாட்டிக்கொண்டு இதோ வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதே. இந்தக் குடும்பத்தில் அது இரண்டு முறை நடந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை படையலில் தாத்தா உன்னைத்தான் கூப்பிடச் சொல்வார். வழியில் செத்தவளே என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாதே. அஞ்சலை என்று பெயர் சொல்லிக் கூப்பிடு. கிடங்கில் செத்தவளே, நாங்கள் விட்டுவிட்டு வந்தவளே என்று கூப்பிடு. புடவையைப் பயத்தில் வைக்காதே. அந்தப் புடவையைப் பிறகு உன் மனைவி கட்டிக்கொள்ளட்டும். ஏன் என்று அவள் கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடு.

பிறகு நடந்தது இது. பிறந்தநாள் விருந்தில் ஒரு விருந்தாளி தன் அப்பாவின் பெயரைத் தேட இண்டெக்ஸின் முதல் பக்கத்தைத் திறந்தார். திங்கட்கிழமை காலை கம்பெனிக்குப் போன் வந்தது, மத்தியானம் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், ஏன் என்று உனக்கு நான் சொல்லவில்லை. புதன்கிழமை உனக்கு அந்தக் கடிதம் வந்தது. விருந்தில் கொடுத்த புத்தகங்களைத் திரும்பக் கேட்டார்கள், பாதிக்கு மேல் வரவில்லை. மறுபதிப்பில் இண்டெக்ஸ் இல்லை, கடைசியில் பன்னிரண்டு பக்கம் வெறுமையாக இருக்கிறது. அந்த செப்டம்பரில் நீ பொம்மசந்திராவில் ஒரு ஃபாக்டரியில் முதல் ஷிப்டுக்குப் போனாய்.